பூசணம் பூத்த அப்பம்: யோசுவா 9 குறித்து ஒரு மறுவாசிப்பு

போன மாதம் சொந்தக்காரர் ஒருவரின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். பாட்டு, ஜெபம், அப்புறம் பிரசங்கம். எடுத்துக்கொண்ட பகுதி யோசுவா 9ஆம் அதிகாரம். கிபியோனியர் வேஷம் போட்டு வந்து இஸ்ரவேலரை ஏமாற்றிய கதை. பேசியவர் சுவாரஸ்யமாகத்தான் பேசினார். முடிக்கும்போது எங்கள் எல்லாரையும் மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார்: "முதல் எண்ணத்தை நம்பாதே, தேவனிடம் கேள்."

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அந்த வாசகம்தான் மண்டைக்குள் ஓடியது. ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முதலிலிருந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையில் இஸ்ரவேலரின் முதல் எண்ணம் சரியாகத்தான் இருந்தது!

அன்றைக்குப் பேசியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் நானும் இதே பாடத்தைத்தான் படித்தேன். நம்மிடம் வழக்கத்தில் இருக்கும் ஒரு வாசிப்பு இது. அந்த வாசிப்பு மூலக்கதைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி. மதநம்பிக்கை இல்லாத வாசகர்களும் கூடவே வரலாம். ஒரு பழைய கதையை எப்படி வாசிப்பது என்பதும் இதில் இருக்கிறது.

கதை என்ன சொல்கிறது

எரிகோவும் ஆயியும் விழுந்துவிட்டன. அடுத்து தங்கள் முறை என்று கிபியோன் ஊர்க்காரர்களுக்குப் புரிந்துபோகிறது. அவர்கள் ஒரு திட்டம் போடுகிறார்கள். கழுதைகள்மேல் கிழிந்துபோன சாக்குகள். பொத்தல் விழுந்து தைத்த தோல் துருத்திகள். ஒட்டுப்போட்ட செருப்பு, நைந்த துணி, காய்ந்து பூசணம் பிடித்த அப்பம். இந்தக் கோலத்தில் கில்காலில் இருந்த யோசுவாவின் பாளயத்துக்கு வந்து, நாங்கள் ரொம்பத் தூரதேசத்துக்காரர்கள், எங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள்.

தூரதேசம் என்று ஏன் சொல்ல வேண்டும்? உபாகமம் 20ஆம் அதிகாரத்தில் போர்ச்சட்டம் ஒன்று இருக்கிறது. தூரத்துப் பட்டணங்களோடு சமாதானம் பேசலாம். கானானுக்குள் இருக்கிற பட்டணங்களில் ஒருவரையும் உயிரோடு விடக்கூடாது. இந்தச் சட்டம் தெரிந்து கதை கட்டியவர்கள் மாதிரிதான் கிபியோனியர் நடந்துகொள்கிறார்கள்.

இப்போது இஸ்ரவேலரின் பதிலைப் பாருங்கள். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்படுகிறார்கள். ஒருவேளை நீங்கள் எங்கள் நடுவிலேயே குடியிருப்பவர்களோ என்னவோ, அப்படியிருந்தால் உங்களோடு எப்படி உடன்படிக்கை செய்வது என்று கேட்கிறார்கள். ஏழாம் வசனம். யோசுவாவும் தன் பங்குக்கு, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிக்கிறார்.

முதல் எண்ணம் சந்தேகம். அந்தச் சந்தேகம் நூற்றுக்கு நூறு உண்மை. அப்படியானால் "முதல் எண்ணத்தை நம்பாதே" என்ற பாடத்தை இந்த அதிகாரத்திலிருந்து எப்படி எடுப்பது? நம்பியிருந்தால் தப்பித்திருப்பார்களே!

சாட்சியம் ஜெயித்த இடம்

சந்தேகத்தைக் கலைத்தது எது? தடயங்கள்தான். இந்த அப்பம் புறப்பட்ட அன்று சுடச்சுட எடுத்தது, இந்தத் துருத்தி புதுசாக இருந்தது என்று கிபியோனியர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். எதையும் சும்மா நம்பச் சொல்லவில்லை, தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இஸ்ரவேல் மனுஷரும் அந்த உணவில் கொஞ்சம் வாங்கிப் பார்க்கிறார்கள். அதே பதினாலாம் வசனத்தில்தான் அந்தப் பிரபலமான குற்றச்சாட்டு வருகிறது: அவர்கள் கர்த்தரிடம் கேட்கவில்லை. எபிரேய மூலம் இன்னும் பச்சையாக, கர்த்தருடைய வாயைக் கேட்கவில்லை என்கிற மாதிரி இருக்கும்.

இங்கே கதைசொல்லியின் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. பல தடவை படித்தும் நான் கவனிக்காமல் விட்டது அது. கிபியோனியர் ஏன் பயந்தார்கள் என்று மூன்றாம் வசனத்தில் கதைசொல்லி நமக்குச் சொல்லிவிடுகிறார்: எரிகோவுக்கும் ஆயிக்கும் நடந்ததைக் கேள்விப்பட்டார்கள். ஆனால் யோசுவாவிடம் பேசும்போது அவர்கள் அந்த இரண்டு ஊரின் பெயரையும் வாயில் எடுக்கவேயில்லை. எகிப்தில் நடந்ததைக் கேள்விப்பட்டோம், யோர்தானுக்கு அப்புறத்தில் சீகோனுக்கும் ஓகுக்கும் நடந்ததைக் கேள்விப்பட்டோம் என்று பழைய செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எரிகோ நேற்றைய செய்தி. மாசக்கணக்கில் நடந்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை அல்லவா? அப்பத்துக்குப் பூசணம் பிடிக்கவைத்தது மாதிரி, செய்திக்கும் பழசு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆகவே இது அவசரக்காரர்கள் ஏமாந்த கதை இல்லை. விசாரித்தவர்கள், தடயம் பார்த்தவர்கள், தொட்டுப் பார்த்தவர்கள் ஏமாந்த கதை. பார்த்த தடயமே போதும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. கேள்வி அதோடு மூடிக்கொண்டது.

கேட்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. எண்ணாகமம் 27இல் மோசேக்கு அடுத்தவராக யோசுவாவை நியமிக்கும்போதே அந்த ஏற்பாடு செய்யப்பட்டுவிடுகிறது. யோசுவா ஆசாரியனான எலெயாசாருக்கு முன்னால் நிற்க வேண்டும், எலெயாசார் ஊரீமைக் கொண்டு கர்த்தரிடம் விசாரிக்க வேண்டும், அந்த வார்த்தைப்படி ஜனங்கள் போகவும் வரவும் வேண்டும். பதவியோடு சேர்த்துக் கொடுத்த நடைமுறை இது. முக்கியமான இடத்தில் யோசுவா அதைத் தாண்டிப் போய்விடுகிறார்.

மூன்று நாள் கழித்துச் செய்தி வருகிறது: இவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்! ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டது.

எங்கள் வீட்டு அப்பம்

இதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா ஐந்து சென்ட் மனை ஒன்று வாங்கினார். மூலப்பத்திரம் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. எல்லாம் சுத்தம். அம்மா மட்டும் முதல் நாளே கேட்டாள்: "ஏங்க, இவ்வளவு அவசரப்படுத்துறாரே, எதுக்காம்?" அப்பாவிடம் பதில் இல்லை, ஆனால் பத்திரங்கள் இருந்தன. பத்திரங்களைக் காட்டியதும் அம்மாவும் அடங்கிப்போனாள்.

ஜெபம் பண்ணாமல் வாங்கவில்லை. குடும்பமாக முழங்கால் போட்டு ஜெபித்தோம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதிவுக்குப் போகிற நாளை ஆசீர்வதியும், பணம் குறைவில்லாமல் சேரப்பண்ணும், வீடு கட்டக் கிருபை தாரும். வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் நாங்கள் கேட்கவே இல்லை. அதை முடிவு செய்துவிட்டுத்தான் முழங்காலே போட்டிருந்தோம்.

அடுத்த வருஷம் விற்பவரின் தங்கை கோர்ட்டுக்குப் போனார். அது அவர்களுடைய தகப்பனார் சொத்து, தங்கைக்கும் பங்கு உண்டு, அவரிடம் கையெழுத்து வாங்கவில்லை. வழக்கு பதினோரு வருஷம் நடந்தது.

இந்தக் கதையைச் சபையில் சாட்சியாகச் சொல்லியிருந்தால், "தேவனிடம் கேட்காமல் வாங்கினீர்கள்" என்றிருப்பார்கள். ஆனால் நாங்கள் கேட்டோமே! கேட்கவும் செய்து, கேட்காமலும் இருந்தோம். இது எப்படிச் சாத்தியம்?

எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

நியாயாதிபதிகள் 20ஆம் அதிகாரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. பென்யமீன் கோத்திரத்துக்குச் சொந்தமான கிபியாவில் ஒரு பெண்ணுக்குக் கொடூரம் நடந்துவிடுகிறது. (கிபியா வேறு, கிபியோன் வேறு.) குற்றவாளிகளை ஒப்படைக்கப் பென்யமீனியர் மறுக்கிறார்கள். மற்ற கோத்திரங்கள் எல்லாம் கூடி யுத்தத்துக்குத் தயாராகி, அதன்பிறகு கர்த்தரிடம் விசாரிக்கப் போகின்றன. யோசுவா செய்யாததை இவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். செய்தும் முதல் நாள் 22,000 பேர் சாகிறார்கள். இரண்டாம் தடவையும் விசாரிக்கிறார்கள், 18,000 பேர் சாகிறார்கள். மூன்றாம் தடவை விசாரித்த பிறகுதான் வெற்றி.

"முதலில் கேள்" என்ற சூத்திரம் மட்டும் போதுமென்றால் இந்த 40,000 பேர் ஏன் செத்தார்கள்? கேள்விகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் தடவை கேட்டது, யார் முன்னால் போக வேண்டும்? போவதா என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. எங்கள் வீட்டுப் பதிவுத்தேதி ஜெபம் மாதிரிதான். இரண்டாம் தடவை அழுதுகொண்டு, எங்கள் சகோதரன் பென்யமீனோடு மறுபடியும் சண்டைக்குப் போகலாமா என்கிறார்கள். எதிரி முதல்முறையாகச் சகோதரன் ஆகிறான். மூன்றாம் தடவை உபவாசம் இருந்து பலியிட்டுவிட்டு, போகலாமா, நிறுத்திவிடலாமா என்கிறார்கள். நிறுத்துவது என்கிற வாய்ப்பு அந்தக் கேள்விக்குள் இப்போதுதான் நுழைகிறது. நாளைக்கு அவர்களை ஒப்புக்கொடுப்பேன் என்ற வாக்கும் அப்போதுதான் வருகிறது. முதல் இரண்டு பதிலிலும் அந்த வாக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இவர்கள் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. உண்மையான கேள்விக்கு வந்துசேர அவர்களுக்கு இரண்டு தோல்வி தேவைப்பட்டது. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. வெற்றிக்குப் பிறகும் இந்தக் கதை சந்தோஷமாக முடியவில்லை. பென்யமீனில் 600 ஆண்கள்தான் மிச்சம். ஒரு கோத்திரமே அழிகிறதே என்று ஜெயித்தவர்களே உட்கார்ந்து அழுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி எரேமியா 42இல் வருகிறது. எருசலேம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் எரேமியாவிடம் வந்து, நாங்கள் எங்கே போகவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நல்லதோ கெட்டதோ கீழ்ப்படிகிறோம் என்கிறார்கள். அந்தச் சமயம் அவர்கள் ஏற்கெனவே எகிப்துக்குப் போகிற வழியில்தான் தங்கியிருக்கிறார்கள்! பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே, நீ பொய் சொல்கிறாய் என்று எரேமியாவைத் திட்டிவிட்டுப் போயேவிடுகிறார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு.

தமிழில் கேள் என்ற ஒரே சொல்லுக்கு வினவுவது, செவிகொடுப்பது என்று இரண்டு அர்த்தமும் உண்டு. எரேமியாவிடம் வந்தவர்கள் முதல் அர்த்தத்தில் கேட்டார்கள், இரண்டாவதில் கேட்கவில்லை. எங்கள் வீட்டு முழங்கால் ஜெபத்தையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு

முதல் எண்ணம் தவறாகப் போகும் இடங்கள் வேதாகமத்தில் இல்லையா? உண்டு. நல்ல உதாரணம் சாமுவேல். ஈசாயின் வீட்டில் மூத்தவன் எலியாபைப் பார்த்ததும் இவன்தான் ராஜா என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. வாட்டசாட்டமான ஆள். இல்லை என்று பதில் வருகிறது. கடைசியில் ஆடு மேய்க்கப் போயிருந்த தாவீதை ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியதாகிறது.

இன்னும் கூர்மையானது 2 சாமுவேல் 7. ஆலயம் கட்ட ஆசைப்படுகிறேன் என்று தாவீது சொன்னதும் நாத்தான் தீர்க்கதரிசி சட்டென்று, மனசில் இருக்கிறதைச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்கிறார். அன்று ராத்திரியே நாத்தானுக்கு வேறு வார்த்தை வருகிறது. காலையில் போய்ச் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரைச் சொல்லிச் சொன்னதும்கூட அவருடைய முதல் எண்ணமாக இருந்துவிடலாம் என்பதைக் கதைசொல்லி மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று மேடையில் ஆரம்பிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எத்தனை தடவை பிரசங்கிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கம் 1 சாமுவேல் 30. சிக்லாகு எரிந்து கிடக்கிறது, மனைவி பிள்ளைகளை அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். துரத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நிலைமையிலும் தாவீது ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, துரத்தட்டுமா, பிடிப்பேனா என்று கேட்கிறார். துரத்து என்று பதில் வருகிறது. முதல் எண்ணமும் பதிலும் ஒன்றே.

முதல் எண்ணம் சாமுவேலுக்குத் தப்பு, தாவீதுக்குச் சரி, யோசுவாவின் ஆட்களுக்குச் சரியாக இருந்தும் கைவிடப்பட்டது. ஆகவே உள்மனசு ஒரு பக்கம், தேவன் எதிர்ப்பக்கம் என்று இரண்டு அணி பிரிப்பது இந்தக் கதைகளுக்கு ஒத்துவரவில்லை. அப்படிப் பிரிப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "இது சரியில்லையே" என்று ஒருத்தருக்குள்ளே எழுகிற குரலை அவநம்பிக்கை என்று அடக்கிவிடுவோம். எங்கள் வீட்டில் அம்மாவின் கேள்வியைப் பத்திரம் அடக்கியது. வேறு வீடுகளில் அதை வசனம் அடக்குகிறது.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

பிரசங்கங்கள் தொடாமல் போகும் இடம் இதுதான். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய உறுத்தல்.

யோசுவா ஒழுங்காக எலெயாசாரிடம் போய்க் கேட்டிருந்தால்? வேஷம் கலைந்திருக்கும். உபாகமம் 20இன்படி அந்த ஊரில் ஒரு குழந்தையும் மிஞ்சியிருக்காது. பிரசங்கத்தில் "கேட்காமல் போனதால் வந்த நஷ்டம்" என்று நாம் தலையாட்டும் விஷயம், கிபியோன் தெருவில் நின்று பார்த்தால் உயிர். கிபியோனியரும் யோசுவாவிடம் மறைக்காமல் சொல்கிறார்கள்: உயிருக்குப் பயந்துதான் செய்தோம்.

கதையும் இந்த விஷயத்தில் விசித்திரமாக நடந்துகொள்கிறது. கேட்கவில்லை என்று ஒரு வரியில் சுட்டிக்காட்டுகிறதே தவிர, கர்த்தர் யோசுவாவைக் கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தை இல்லை. அடுத்த அதிகாரத்தில் ஐந்து ராஜாக்கள் சேர்ந்து கிபியோனைத் தாக்க வருகிறார்கள். யோசுவா ராத்திரி முழுக்க நடந்து போய் உதவுகிறார். பயப்படாதே என்ற வார்த்தை அவருக்குக் கிடைக்கிறது, வானத்திலிருந்து கல்மழை விழுகிறது, கிபியோன்மேல் சூரியன் நிற்கிறது. கேட்காமல் செய்த உடன்படிக்கையைக் காப்பாற்றத்தான் இத்தனையும்! கிபியோனியர் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைக்கப்பட்டார்கள், உண்மைதான். அது அடிமை வேலை. ஆனால் யாருடைய பலிபீடத்துக்கு? கர்த்தருடைய பலிபீடத்துக்கு. விரட்டப்பட வேண்டியவர்கள் சன்னிதிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள்.

எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் அல்-ஜிப் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிட்சர்ட் 1956 முதல் அங்கே அகழாய்வு செய்தார். ஜாடிகளின் கைப்பிடிகளில் கிபியோன் என்ற பெயரே பொறித்துக் கிடைத்தது. பாறையைக் குடைந்து, சுற்றிச்சுற்றி இறங்கும் 79 படிகளோடு தண்ணீருக்குப் போகும் பிரம்மாண்டமான கிணறு ஒன்றும் கிடைத்தது. அதேசமயம், யோசுவாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே பெரிய பட்டணம் இருந்ததற்கான தடயம் சொற்பம், முக்கியமாகக் கல்லறைகள்தான். அதனால் இதை நேரடி வரலாற்றுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். ஆனால் தண்ணீருக்கு இவ்வளவு பாடுபட்ட ஒரு ஊரின் ஜனங்களைத் தண்ணீர் எடுப்பவர்கள் என்று கதை அடையாளப்படுத்துவதைப் படிக்கும்போது அந்தப் படிக்கட்டு கண்முன்னால் வராமல் இருப்பதில்லை.

பிந்திய கணக்கு

கிபியோனியர் கதை யோசுவாவோடு முடியவில்லை. 2 சாமுவேல் 21இல் மறுபடியும் வருகிறார்கள். சவுல் ராஜா இஸ்ரவேலுக்காக வைராக்கியம் கொண்டு அவர்களைக் கொல்லப் பார்த்திருக்கிறார். யோசுவா விட்ட தப்பைத் திருத்துகிறேன் என்று சவுல் நினைத்திருக்கலாம். ஆனால் தண்டனை வருவது அந்தத் திருத்தத்துக்குத்தான். தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம். தாவீது கர்த்தரிடம் விசாரிக்கிறார். கிபியோனியரைக் கொன்ற சவுலின் இரத்தப்பழி என்று பதில் வருகிறது. ஏமாற்றி வாங்கிய சத்தியமானாலும் சத்தியம்.

இதுவரைக்கும் தாவீது சரியாகத்தான் செய்தார். பஞ்சத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார். அதற்குப் பரிகாரம் என்ன என்று? அதைக் கர்த்தரிடம் கேட்டதாகக் கதையில் இல்லை. நேரே கிபியோனியரிடம் போய், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்கிறார். சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கொடு என்கிறார்கள். கொடுத்துவிடுகிறார். ரிஸ்பாள் என்ற பெண்ணின் இரண்டு மகன்கள், சவுலின் மகளுக்குப் பிறந்த ஐந்து பேர். வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் ஏழு பேரையும் மலையில் தூக்கிவிடுகிறார்கள்.

ரிஸ்பாள் ஒரு இரட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரிக்கிறாள். அறுப்புக் காலம் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே கிடக்கிறாள். பகலில் பறவைகளை விரட்டுகிறாள், ராத்திரியில் மிருகங்களை விரட்டுகிறாள். அவள் ஒரு வார்த்தையும் பேசியதாக வேதாகமத்தில் இல்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை. அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டுகிறது. அவர் போய்ச் சவுல், யோனத்தான் எலும்புகளை எடுத்துவருகிறார். தூக்கப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. மரியாதையாக அடக்கம் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று கதை சொல்கிறது. எதற்குப் பிறகு? ஏழு பேரைத் தூக்கிய இடத்தில் அந்த வாக்கியம் இல்லை. எலும்புகளை அடக்கம் செய்த பிறகுதான் அது வருகிறது.

இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கேள்விக்குத் தேவனிடமிருந்து உண்மையான பதில் கிடைத்த பிறகும், அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஏழு பேர் செத்துப்போகலாம். விட்டுப்போன கேள்வி தாவீதுக்கு ஆசாரியன் மூலமாகவோ தீர்க்கதரிசி மூலமாகவோ திரும்பி வரவில்லை. பாறைமேல் உட்கார்ந்திருந்த ஒரு தாய் வழியாக வந்தது.

அப்புறம்

எங்கள் மனை வழக்கு தீர்ப்பில் முடியவில்லை. பதினோராவது வருஷம் அப்பா யாரிடமும் சொல்லாமல் அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போனார். அவர் எங்களை ஏமாற்ற வந்தவர் என்றுதான் அதுவரை வீட்டில் பேச்சு. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி வந்து சொன்னது ஒரே வார்த்தை: "அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அடுத்த வாய்தாவில் அவருடைய பங்குக்கு உண்டான தொகையைக் கொடுத்துச் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். வீடு கட்டப் பணம் மிஞ்சவில்லை. மனை இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது.

அன்றைய பிரதிஷ்டையில் பிரசங்கியார் கேட்கச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே எழும் சந்தேகத்தைக் கழித்துவிட்டுக் கேட்காமல், அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம். தேதியைக் கேட்பதற்கு முன்னால், வேண்டாம் என்று பதில் வந்தால் விடத் தயாரா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். இந்த முடிவால் பாறைமேல் போய் உட்காரப்போவது யார் என்றும் கேட்கலாம்.

அம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்தான் முதல் நாளே கேட்டேனே," என்றாள்.